வீட்டுக் கம்பு வீட்டுக்கே!

மானாவாரியில் கம்பும் கேழ்வரகும் விளைவிக்கும் சிறு விவசாயிகள் பலர், அவற்றை மூட்டையோடு சந்தைக்கு அனுப்பிவிட்டு, மூன்று வேளையும் தீட்டிய அரிசிச் சோறே உண்கிறார்கள். ரேஷனில் அரிசி விலையின்றிக் கிடைக்கும்போது, காசாகும் கம்பை வீட்டில் வைப்பானேன் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தக் கணக்கில் குடல் சேரவில்லை.

பெருங்குடல் சுவரில் ரத்தக் குழாய்கள் நுழையும் இடங்கள் சற்றுப் பலவீனமானவை. உணவில் நார் குறைந்தால் மலம் சிறுத்து இறுகும். அதைத் தள்ளக் குடல் அழுத்தம் கொடுக்கும்போது, சைக்கிள் ட்யூப் நைந்த இடத்தில் புடைப்பதுபோல் சிறு பைகள் பிதுங்குகின்றன என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். வயது ஏற ஏற இது கூடும். பலருக்குத் தொல்லை இராது. சிலருக்குப் பை அழன்று சீழ் பிடிக்கும். சிலருக்கு ரத்தம் போகும்.

நார்க் குறைவே இதற்குக் காரணம் என்று 1971ல் பிரிட்டிஷ் மருத்துவர்களான பெயின்டரும், உகாண்டாவில் பணியாற்றிய பர்கிட்டும் வாதிட்டனர். பரம்பரை, புகைபிடித்தல், உடல் பருமன் ஆகியவற்றுக்கும் பங்குண்டு எனப் பின்னர் தெரிந்தது. எனினும், நார் மிகுதியாக உண்போருக்கு இத்தொல்லை குறைவு என்றே பிந்தைய ஆய்வுகளும் காட்டின.

100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார் சுமார் 3 கிராம். கம்பிலும் கேழ்வரகிலும் சுமார் 11 கிராம். அரிசியை அடியோடு விட வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு வேளை கூழோ களியோ போதும். கூடவே வரப்பில் விளையும் தட்டைப்பயறு, மொச்சை, கொல்லை முருங்கைக் கீரை. பழக்கமில்லாதவர்கள் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். இல்லையேல் வயிறு உப்பும்.

நிலக்கடலையும் எள்ளும் பைகளில் சிக்கிக்கொள்ளும் என்ற பயம் வேண்டாம். அமெரிக்காவில் 47,000 ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2008ல் வெளியான ஆய்வு, கடலை வகைகளால் இந்நோய் கூடவில்லை என்று கண்டது.

அடிவயிற்றில் விடாத வலியோடு காய்ச்சல் கண்டாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ கைவைத்தியம் கூடாது. மூலம் என்று தள்ளிப்போடவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அப்போது எதை உண்பது என்பதை டாக்டரே சொல்லட்டும்.

அறுவடையானதும் முதலில் விதைக்கு எடுத்து வைப்பது விவசாயியின் வழக்கம். அடுத்த பங்கு வீட்டுக் குதிருக்கு. மிச்சமே சந்தைக்கு என்றிருக்கட்டும்.