கிளினிக் நாளில் பெயர் வெட்டக் கூடாது

கண்டிக்கும் கொழும்புக்கும் போய் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பிய அங்கத்தவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். “நெஞ்சுவலி நின்றுபோச்சு, இனி மாத்திரை எதற்கு?” என்று அவர்களில் சிலர் கேட்கிறார்கள். உயிருக்கே உலை வைக்கிற கேள்வி இது.

ஸ்டென்ட் என்பது சுருங்கிய இரத்தக்குழாயை விரித்துப் பிடித்திருக்கும் சிறிய கம்பிவலை. அடைப்பைத் திறக்கும், நோயைத் தீர்க்காது. குழாயின் உள்தோல் அதன்மேல் வளர்ந்து மூடும்வரை, அதில் இரத்தம் உறைந்து திடீரென அடைபடலாம். அதைத் தடுக்கத்தான் அஸ்பிரினும் குளோபிடோகிரலும். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டையும் பெரும்பாலும் 12 மாதம் கொடுப்பார்கள். அதன்பிறகும் அஸ்பிரின் தொடரும். பல் பிடுங்கப் போனாலும் முதலில் கிளினிக் புத்தகத்தைக் காட்டுங்கள். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் இருதய டொக்டர் மட்டுமே.

ஆனால் மாத்திரை விட்டுப்போவதற்கு மறதி மட்டுமா காரணம்? அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை. அதை வாங்கப் போகும் நாளுக்குக் காசு உண்டு. விடியுமுன் பஸ் ஏறி, வரிசையில் நின்று, அந்தியில் திரும்பினால் அன்றைய பெயர் போய்விடும். கடைக்கணக்கைப் பார்க்கும் தாய் முதலில் தள்ளிப்போடுவது தன் கிளினிக்கைத்தான்.

தோட்டக் கமிட்டிகள் இதை நிர்வாகத்திடம் பேச வேண்டும். கிளினிக் நாளுக்குப் பெயர் கேளுங்கள். டொக்டர் இலகு வேலை எழுதிக் கொடுத்தவரை மேட்டு மலைக்கு அனுப்ப விடாதீர்கள். ஆஸ்பத்திரித் துண்டு ஆங்கிலத்தில் இருந்தால் தோட்ட டிஸ்பென்சரியில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.

மணிக்கட்டிலோ தொடையிலோ குத்திய இடம் ஆறும்வரை கொழுந்துச் சாக்கு தூக்கக் கூடாது. விறகுக்கட்டும் தண்ணீர்க் குடமும் அப்படித்தான். “வேலைக்குப் போகாத நாள்தானே” என்று மனைவியை விறகுக்கு அனுப்பும் ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும். பீடி கூடாது என்றால் வெற்றிலையோடு போடும் புகையிலையும் கூடாது.

மறுபடி நெஞ்சு இறுகி, வியர்த்து, மூச்சு வாங்கினால் தோட்ட லொறிக்காகக் காத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்துக்கு வீட்டு இலக்கம் தேடினால் கிடைக்காது. ஆகவே தோட்டத்தின் பெயர், டிவிஷன், பெரிய ரோட்டிலிருந்து வரும் வழி மூன்றையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாசிக்கத் தெரியட்டும்.