கோபாலபுரத்துப் பழைய பேட்டரியும் நம்ம காட்டுக் கொட்டாயும்



கோபாலபுரம் என்றால் நம்மில் பல பேருக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு வீடுதான். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம் என்று கொடுத்த முதலமைச்சர் கலைஞர் குடியிருந்த வீடு. அந்த மின்சாரம் சும்மா வரவில்லை. நாராயணசாமி நாயுடு காலத்தில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்று, 1970-லும் 1972-லும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்த விவசாயிகள் இருக்கிறார்கள். அது ஊரறிந்த கதை. எனக்குக் கோபாலபுரம் என்றால் ஞாபகம் வருவது நாலு பழைய பேட்டரி.

2012-ல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னைக்கு ரெண்டு மணி நேரம், நமக்குப் பத்து பன்னிரண்டு மணி நேரம். ரெண்டு மணி நேரத்தைத் தாங்க முடியாத பட்டணத்து மாடி வீடுகளில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கி வைத்தார்கள். 2014-க்குப் பிறகு மின்வெட்டு குறைந்தது. பேட்டரி எல்லாம் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. கோபாலபுரத்தில் அப்படி ஒரு அடுக்குமாடியில் என் சித்தப்பா மகன் வாட்ச்மேன். "அண்ணே, பெரிய டியூப்லர் பேட்டரி நாலு இருக்கு, ஒரு கடைக்காரர் எடுத்துட்டாரு, கேட்டா தருவாரு" என்று 2016-ல் போன் போட்டான். ஒன்று 4,500 ரூபாய் என்று நாலையும் வாங்கி, லாரியில் பாலக்கோடு பக்கம் எங்கள் கொட்டாய்க்குக் கொண்டுவந்தேன். கம்பம் வராத காடு. ராத்திரி லைட்டுக்கும் சோலார் வேலிக்கும் அதுதான் கதி.

நாலு மாதத்தில் ரெண்டு பேட்டரி செத்துப்போச்சு. கடைக்காரரைக் கேட்டால், "பழைய சாமானுக்கு ஏதுங்க கேரண்டி?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கு. ஏனென்றால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 12.6 வோல்ட் காட்டுது, அதனால் நல்ல பேட்டரி என்று ரெண்டு பேரும் நம்பினோம். சுமை இல்லாமல் மீட்டர் வைத்துப் பார்த்தால் சாகப்போகிற பேட்டரியும் 12.6 காட்டும்!

பிறகு எங்கள் பக்கம் ஒரு பழைய எலக்ட்ரீசியன் சொல்லிக் கொடுத்தார். பேட்டரியை முழுசா சார்ஜ் பண்ணி, சில மணி நேரம் சும்மா விட்டு, அப்புறம் ஆறு மூடியையும் திறந்து ஹைட்ரோமீட்டரில் கிராவிட்டி பார்க்க வேண்டும். நல்ல அறை 1250 பக்கத்தில் நிற்கும். ஐந்து அறை 1240 காட்டி ஒன்று மட்டும் 1150 காட்டினால் அந்த ஒரு அறை போச்சு. அது போனால் மொத்தப் பேட்டரியும் போனதுதான். அதோடு விடக்கூடாது. ஒரு 60 வாட் பல்பை மாட்டிவிட்டு உட்கார வேண்டும். 5 ஆம்பியர் இழுக்கும். 150 ஏ.எச். பேட்டரி புதுசாக இருந்தால் 30 மணி நேரம் தாங்க வேண்டும். பழசு 15 மணி நேரம் தாங்கினால் பாதி உயிர் இருக்கு, அதுக்கேற்ற விலை கொடுக்கலாம். ஆறு மணி நேரத்தில் 11 வோல்ட்டுக்கு இறங்கினால் ஈய விலைக்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீங்க.

என் பேட்டரி ஏன் செத்தது? பாதிக் குற்றம் மாடிப்படியில். சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகட்டில் வெள்ளையாக சல்பேட் படிந்து கல் மாதிரி இறுகிவிடும். மெதுவாக, நீண்ட நேரம் சார்ஜ் ஏற்றினால் கொஞ்சம் கரையும், எல்லாம் கரையாது. மீதிப் பாதிக் குற்றம் என்னுடையது, மறைக்க மாட்டேன். ரெண்டு ரெண்டாகத் தொடுத்து 24 வோல்ட் ஆக்கினேன். வேலிப் பெட்டிக்கு 12 வோல்ட்தானே என்று நடுவில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிட்டேன். ராத்திரி முழுக்க அந்த ஒன்று மட்டும் இறங்கும். பகலில் பேனல் ரெண்டுக்கும் சேர்த்து சார்ஜ் ஏற்றும். நல்லது அளவுக்கு மீறிக் கொதிக்கும், இறங்கினது கடைசிவரை நிறையவே நிறையாது. சார்ஜரில் மட்டும் "ஃபுல்" என்று பச்சை விளக்கு எரியும். உங்களில் எத்தனை பேர் இப்படி இழுத்திருக்கீங்க என்று கேட்டால் பாதிப் பேர் கை தூக்குவீங்க. 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் சின்னப் பெட்டி ஒன்றுதான். அல்லது வேலிக்குத் தனிப் பேட்டரி, தனி பேனல்.

போர்த் தண்ணீர் ஊற்றாதீங்க. அதில் இருக்கிற இரும்பும் உப்பும் தகட்டைத் தின்னும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், அதுவும் சார்ஜ் ஆன பிறகு. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முன்னாடியே மூழ்கும் அளவு ஊற்றலாம். கிராவிட்டி குறைந்தது என்று ஆசிட் ஊற்றுவது கொள்ளி வைப்பது மாதிரி. பழசோடு புதுசைத் தொடுத்தால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும். சார்ஜ் ஏறும்போது வாயு வரும், பீடியோடு பக்கத்தில் போகக்கூடாது.

இதெல்லாம் ஏன் போராட்ட நோட்டீஸில் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

பேட்டரி இறங்கினால் வேலியில் துடிப்பு குறையும். பன்றியும் யானையும் அதைக் கண்டுபிடிக்க ரெண்டு ராத்திரி போதும். ஒரு வருஷ நிலக்கடலை ஒரே ராத்திரியில் போன வயிற்றெரிச்சலில் ஒருத்தன் கம்பத்து மின்சாரத்தை நேராகக் கம்பியில் மாட்டுகிறான். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கத்தில் என்ன நடந்தது? மூன்று யானை ஒரே இடத்தில் செத்து விழுந்தது, ரெண்டு குட்டி தாயில்லாமல் நின்றது, விவசாயி சிறைக்குப் போனார். அப்படி மாட்டுவது குற்றம், சங்கம் அதற்குத் துணை நிற்காது. மனுஷனும் சாவான், மாடும் சாகும். அந்த வருஷமே மின்வேலியைப் பதிவு செய்யணும் என்று அரசு விதி கொண்டுவந்தது. சரி, பதிவு செய்கிறோம். ஆனால் அந்த வேலிக்கு உயிர் கொடுக்கிற பேட்டரியைப் பற்றி எந்த அதிகாரியாவது ஒரு வார்த்தை பேசினாரா?

இன்னொன்று, இதைவிடப் பெரியது. செத்த பேட்டரி எங்கே போகிறது? எடை குறையட்டும் என்று ஆசிட்டை வரப்பில் கவிழ்த்துவிட்டு பழைய இரும்புக்காரரிடம் போடுகிறோம். அவர் கொடுக்கிற இடத்தில் உடைத்து, திறந்த அடுப்பில் ஈயம் உருக்குகிறார்கள். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டில், டாக்கார் நகரத்து ஓரம் தியாரோயே என்ற இடத்தில், பழைய பேட்டரி ஈயம் கலந்த மண்ணால் 2007-லும் 2008-லும் பதினெட்டுக் குழந்தைகள் செத்தார்கள். உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் அபாய அளவு ஈயம் இருக்கிறது என்று யுனிசெப் 2020-ல் சொன்னது. ஈயம் மூளையைத் தொடும், படிப்பைக் கெடுக்கும், போன பிறகு மருந்து இல்லை. நம்ம வரப்பில் ஊற்றின ஆசிட்டிலும் அந்த ஈயம் இருக்கு. அந்த வரப்பில்தான் நம்ம பிள்ளை செருப்பில்லாமல் நடக்குது.

சட்டம் இல்லையா? 2001-லேயே வந்தது. பழசை டீலர் திரும்ப வாங்கணும் என்றார்கள். 2022-ல் புது விதி போட்டு, தயாரித்த கம்பெனியே சேகரித்து மறுசுழற்சி செய்யணும் என்றார்கள். கோபாலபுரத்தில் பழசைக் கொடுத்தால் புதுசில் விலை கழித்துக் கொடுக்கிற கடை தெருவுக்கு ஒன்று இருக்கு. எங்கள் கொட்டாயிலிருந்து 50 கிலோவுக்கு மேல் கனக்கிற ஒரு பேட்டரியை எங்கே தூக்கிப் போவது?

புதுசு வாங்கேன் என்பார்கள். 2025 செப்டம்பர் வரை 28 விழுக்காடு ஜி.எஸ்.டி., இப்போது 18. மானாவாரிக்காரனுக்கு அதுவும் பாரம்தான். பழசு வாங்குவதில் எனக்கு வெட்கமில்லை. செத்த ரெண்டு போக மீதி ரெண்டும், ஒழுங்காகப் பார்த்ததில், மேலும் மூன்று வருஷம் உழைத்தது.

ஆகவே அரசைக் கேட்கிறோம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒன்றியத்துக்கு ஒரு பேட்டரி சோதனை மேடை வேண்டும்: சார்ஜர், ஹைட்ரோமீட்டர், சுமை வைத்துப் பார்க்கிற கருவி, பழகின ஒரு ஆள். பழைய பேட்டரி விற்கிறவர் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் விற்கணும். செத்த பேட்டரியை ஆசிட்டோடு, அன்றைய ஈய விலைக்கு, அதே மேடையில் கம்பெனி வாங்கிக்கொள்ளணும். காட்டோர வேலிக்கான பேட்டரிக்கு மானியம் வேணும்.

ஆர்ப்பாட்டத்துக்கு வருகிறவர்கள் உங்கள் பேட்டரி ஆறு அறையின் கிராவிட்டியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துவாங்க. கருவி இல்லாதவங்களுக்குச் சங்கத்திடம் ஒரு ஹைட்ரோமீட்டர் இருக்கு, வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்க. மனுவோடு அந்தத் தாள்களையும் சேர்த்துத்தான் கலெக்டரிடம் கொடுக்கப் போகிறோம்.