விற்ற பொருளை வீடு தேடி வந்து பறிக்கும் வியாபாரம்

ஒருவன் முழு விலை பெற்றுக்கொண்டு ஒரு பொருளை விற்கிறான். ஒன்பது வருடங்கள் கழித்து, வாங்கியவனின் வீட்டிற்குள் புகுந்து அதனை எடுத்துச் செல்கிறான். இச்செயலுக்கு நமது மொழியில் ஒரு பெயர் உண்டு. ஆனால், இதே காரியத்தைப் பிரான்ஸ் நாட்டின் பெரும் நிறுவனமொன்று இணையத்தின் வழியாகச் செய்தபோது, சேவை முடிவுற்றது என்ற நாகரிகமான சொற்றொடரால் அது மூடி மறைக்கப்பட்டது.

நான் குறிப்பிடுவது ‘த க்ரூ’ என்ற காரோட்டப் பந்தயக் கணினி விளையாட்டையே. அரசியலும் சமூகமும் எழுதிவந்த பத்திரிகையாளனுக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் வினவலாம். சம்பந்தம் உண்டு. பணம் கொடுத்து வாங்கிய பொருள் எவருக்குச் சொந்தம் என்பது விளையாட்டுக் கேள்வி அன்று.

பிரான்சின் லியோன் நகரிலுள்ள ஐவரி டவர் என்னும் கூடம் முதன்மையாக உருவாக்கிய இவ்விளையாட்டை, யூபிசொப்ட் நிறுவனம் 2014 டிசெம்பரில் வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே நிலப்பரப்பாக அதில் அமைத்திருந்தார்கள். நியூயோர்க்கிலிருந்து புறப்படும் ஒருவர், எங்கும் தடைப்படாமல், சமவெளியும் பாலைநிலமும் மலைப்பாதையும் கடந்து மேற்குக் கரைக்குச் சென்றடைய முக்கால் மணிநேரம் அளவில் பிடிக்கும். குறிப்பிட்ட ஓடுபாதையில் சுற்றிச்சுற்றி ஓடும் வழமையான பந்தயம் அன்று இது. நினைத்த திசையில் வண்டியைத் திருப்பலாம்.

விளையாடியவர்களின் அபிப்பிராயம் ஆரம்பத்திலிருந்தே இரண்டுபட்டிருந்தது. பழிவாங்கும் கதை பழைய சினிமா போன்றது என்றார்கள் பலர். வண்டியின் கையாளுகை சரியில்லை, விலை கொடுத்து வாங்கிய பின்னரும் உள்ளே மேலதிகமாகப் பணம் கேட்கிறார்கள், இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது என்றெல்லாம் முறைப்பாடுகள் எழுந்தன. குறைகூறியவர்களிற் பலரும் ஒரு விடயத்தில் உடன்பட்டனர்: அந்த நீண்ட வீதிகளில் போட்டி எதுவுமின்றி வெறுமனே ஓட்டிச் செல்வதே ஓர் இன்பம் என்பது அது. விமர்சகர்களின் புள்ளிகள் நடுத்தரமாக இருந்தபோதிலும், ஒரு கோடி இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இதனை விளையாடியதாக யூபிசொப்ட் நிறுவனமே பெருமையுடன் அறிவித்திருந்தது.

ஆயினும், இப்பொருளுக்குள் ஒரு பொறி வைக்கப்பட்டிருந்தது. தனியொருவராக விளையாடும் பகுதியும் கூட, நிறுவனத்தின் வழங்கிக் கணினியுடன் ஓயாத தொடர்பில் இருந்தால் மட்டுமே இயங்கும். 2023 டிசெம்பரில் விற்பனை நிறுத்தப்பட்டது. 2024 மார்ச் 31ஆம் திகதி வழங்கிகள் அணைக்கப்பட்டன. அத்துடன் கடையில் காசு கொடுத்து வாங்கிய இறுவட்டு வெறும் பிளாஸ்திக் தகடாகிப்போனது. அதற்கடுத்த மாதத்தில், வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்த அனுமதிப்பத்திரமும் நீக்கப்பட்டது. பிணத்தைப் புதைத்ததோடு நில்லாது, பிறப்புச் சான்றிதழையும் கிழித்தெறிந்த கதை இது.

நிறுவனத்தின் பக்கம் நின்று பேசும் விளையாட்டாளர்களும் இருக்கிறார்கள். அவர்களது வாதங்களைத் தட்டிக்கழிப்பது முறையன்று. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

‘பழைய விளையாட்டை எவர் இன்னமும் விளையாடுகிறார்கள்?’ என்பது முதலாவது வாதம். எனது அலுமாரியிலுள்ள புத்தகத்தை நான் கடைசியாக எப்போது திறந்தேன் என்பதைக் கொண்டா அது எனக்குச் சொந்தமா இல்லையா என்று தீர்மானிப்பது? வாசகர் ஒருவர் நேற்று வாங்கிய பத்திரிகையில் இன்று மீன் சுற்றலாம், நறுக்கி ஒட்டி முப்பது வருடங்கள் காப்பாற்றலாம். பத்திரிகையே நின்றுபோனாலும் அந்த நறுக்கு அவருடையது. அச்சிட்டவனுக்கு அதைத் திரும்பக் கேட்கும் உரிமை கிடையாது.

‘வழங்கிகளை என்றென்றும் நடத்த எவராலும் முடியாது, கார் நிறுவனங்களுடனான ஒப்பந்தங்களும் காலாவதியாகும்’ என்பது இரண்டாவது வாதம். உண்மைதான். ஆனால், என்றென்றும் நடத்துமாறு கேட்டது யார்? ‘போர்சா ஹொரைசன் 4’ என்ற மற்றொரு திறந்தவெளிக் காரோட்ட விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தமையால் 2024 டிசெம்பரில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாடத் தடையேதும் விதிக்கப்படவில்லை. ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ என்பதன் இணையச் சேவை 2024 ஜனவரி இறுதியில் நின்றது. ஆனால், தனியாக விளையாடுவோர் இணையத் தொடர்பின்றித் தமது முன்னேற்றத்தைச் சேமித்துக்கொள்ள வசதியாக, அதன் தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே ஒரு திருத்தத்தை வெளியிட்டிருந்தனர். ஆகவே, வழி இல்லாமலில்லை, மனமே இல்லை.

இதற்கு யூபிசொப்ட் நிறுவனமே சாட்சி. கண்டனம் வலுத்த பின்னர், 2024 செப்டெம்பரில், இதே வரிசையில் அடுத்துவந்த இரண்டு விளையாட்டுகளுக்கும் இணையத் தொடர்பற்ற முறை வழங்கப்படும் என்று அது அறிவித்தது. தம்பிமாருக்குச் செய்யக்கூடியதாக இருந்த வைத்தியம் தமையனுக்கு ஏன் செய்யப்படவில்லை? அதைவிட ஒருபடி மேலாக, 2025 செப்டெம்பரில், ஆர்வலர்கள் சிலர் தாமாகவே வழங்கி மென்பொருளை எழுதி, செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட முதலாவது விளையாட்டை மீண்டும் ஓடச் செய்துவிட்டார்கள். சம்பளமில்லாத இளைஞர்களால் முடிந்தது, கோடிகளில் புரளும் நிறுவனத்தால் முடியாது என்பதை நம்புவதற்கு நாம் என்ன குழந்தைகளா?

மூன்றாவது வாதமே ஆபத்தானது. ‘நீங்கள் விளையாட்டை வாங்கவில்லை, பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே வாங்கினீர்கள். ஒப்பந்தத்தை வாசித்துப் பாருங்கள்’ என்கிறார்கள். 2024 நவம்பரில் கலிபோர்னியாவில் விளையாட்டாளர் இருவர் தொடுத்த வழக்கிலும் நிறுவனத்தின் சட்டத்தரணிகள் இதே வாதத்தையே முன்வைத்தனர். எனில், கடையின் பொத்தானில் ‘வாங்குக’ என்று எழுதியது ஏன்? முடிவுத் திகதி குறிப்பிடப்படாத ஒன்றை வாடகை என்றும் சொல்ல முடியாது. வாடகை வீட்டுக்குக் கூட ஒப்பந்தக் காலம் உண்டு. காசு வாங்கும்போது விற்பனை, கணக்குக் கேட்கும்போது அனுமதி என்றால், ஒரே துலாக்கோலில் இரண்டு படிக்கற்களை வைத்திருக்கும் வியாபாரியின் புத்தி அது.

இந்தப் புத்தி புதியதும் அன்று. 2009இல் அமேசன் நிறுவனம், உரிமைச் சிக்கல் ஒன்றைக் காரணங்காட்டி, தன் வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்களைச் சொல்லாமற் கொள்ளாமல் அழித்தது. கண்காணிப்பு அரசைப் பற்றி எழுதியவரின் நூலுக்கே அக்கதி நேர்ந்தது. பின்னர் நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கோரினார். அன்று அது வெட்கப்பட வேண்டிய காரியமாக இருந்தது. இன்று அது வியாபார முறையாகிவிட்டது. வேறுபாடு அவ்வளவுதான்.

எதிர்ப்பு எழாமலில்லை. ரொஸ் ஸ்கொட் என்ற அமெரிக்க யூடியூப் படைப்பாளர், ‘த க்ரூ’ மூடப்பட்டதைத் தொடர்ந்து, 2024 ஏப்ரலில் ‘ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தை ஆரம்பித்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்முயற்சிக்குத் தேவையான பத்து இலட்சம் கையொப்பங்கள் 2025 ஜூலையில் தாண்டப்பட்டன. பிரித்தானியாவிலும் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டு, விடயத்தை நாடாளுமன்ற விவாதம் வரை கொண்டுசென்றனர். இவர்கள் கேட்பது இலவசச் சேவையன்று. நிறுவனம் கைவிடும் நாளில், வாங்கியவர் தம்பாட்டில் இயக்கக்கூடிய நிலையில் விளையாட்டை விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை. தனியார் வழங்கிகளில் பாதுகாப்பை உறுதிசெய்ய முடியாது, செலவு தாங்காது என்று தொழிற்றுறையினரின் ஐரோப்பிய அமைப்பு பதிலளித்தது. தனியொருவர் தன் அறையிலிருந்து ஆளில்லா வீதியில் வண்டி ஓட்டுவதால் எவருடைய பாதுகாப்புக்குப் பங்கம் என்பதை அவர்கள் விளக்க வேண்டும்.

கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியுள்ளது. வெறும் அனுமதியை விற்போர் அதனைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்று கூறும் அச்சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. வரவேற்கத்தக்கதே, எனினும் போதாது. ‘நான் உன் பொருளை ஒருநாள் பறிப்பேன்’ என்று எழுதிக் காட்டிவிட்டுப் பறிப்பதும் பறிப்புத்தான். அறிவித்தல் பலகை நியாயமாகிவிடாது.

அந்த வீதிகளில் ஓட்டியவர்கள் செலுத்தியது உண்மையான காசு. அவர்கள் செலவிட்ட மாலைப்பொழுதுகளும் உண்மையானவை. விளையாட்டு நல்லதா, சுமாரானதா என்ற விவாதம் நடந்துகொண்டே இருக்கட்டும். அப்படி விவாதிப்பதற்குக் கூட அப்பொருள் உலகில் எஞ்சியிருக்க வேண்டும். விற்பதானால் கொடுத்துவிடுங்கள். கொடுக்க மனமில்லையெனில், இது வாடகை, இன்ன திகதி வரை, இன்ன தொகை என்று கடை வாசலிலேயே எழுதிப் போடுங்கள். எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்பதை அதன் பிறகு பார்ப்போம்.