அரிசி தந்த நட்பும் தங்கக் காசும்

இலங்கை மத்திய வங்கி 2021-இல் தங்கத்திலும் வெள்ளியிலும் நினைவு நாணயங்களை வெளியிட்டது. சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, சீனாவுடனான தூதரக உறவின் 65-ஆம் ஆண்டு. மற்றொன்று, சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் நூற்றாண்டு. முதல் காரணத்தில் யாருக்கும் மனக்குறை இருக்க முடியாது. இரண்டாவதுதான் உறுத்துகிறது. அண்டை வீட்டாரோடு நல்லுறவு கொண்டாடலாம். அந்த வீட்டை இப்போது நிர்வகிக்கும் கட்சிக்கு நம் வீட்டுப் பணத்தில் முத்திரை குத்தலாமா?

அது எந்த நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையின் அன்னியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. டாலரை மிச்சப்படுத்த வாகன இறக்குமதியை 2020-லேயே நிறுத்திவிட்டார்கள். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கும் தடை வந்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-லேயே 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று, ஏறத்தாழ 51 பில்லியன் டாலர் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குத் திருப்பித் தர இயலாது என்று இலங்கை அரசு அறிவித்தது. சமையல் காஸுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஜூலையில் அதிபர் கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டே வெளியேறினார்.

நாணயத்தால் நெருக்கடி வந்தது என்று சொல்ல வரவில்லை. அரசின் கணக்கில் நினைவுக் காசு என்பது சுண்டைக்காய்ச் செலவு. ஆனால், கடன் வாங்கிய நாடு கடன் கொடுத்த நாட்டின் ஆளும் கட்சிக்குக் காசு வார்த்துக் கொண்டாடும்போது, அந்தத் தங்கம் எவ்வளவு மின்னினாலும் நட்பாகத் தெரிவதில்லை. கைகட்டி நிற்பதாகவே தெரிகிறது.

இத்தனைக்கும், நாணயத்தில் பொறிக்கத் தகுந்த நல்ல கதை ஒன்று அந்த நட்புக்கு இருக்கிறது. கொரியப் போர்க் காலம். உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. இலங்கையின் ரப்பருக்கோ விலை சரிந்துவிட்டது. போரில் இறங்கிய சீனாவுக்கு ரப்பர் போன்ற பொருள்களை விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. அப்போது கொழும்பில் ஆட்சியில் இருந்தது ஐக்கிய தேசியக் கட்சி. கம்யூனிசம் என்றாலே முகம் சுளிக்கும் கட்சி. அந்த அரசின் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கதான் 1952-இல் சீனாவோடு பேசி ஓர் ஒப்பந்தத்தை முடித்தார். ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 டன் ரப்பர் சீனாவுக்கு; 2,70,000 டன் அரிசி இலங்கைக்கு. அமெரிக்கா சினந்தது, உதவி தர மறுத்தது. இலங்கை அசைந்து கொடுக்கவில்லை. முறைப்படி தூதரக உறவு ஏற்பட்டது 1957 பிப்ரவரியில்தான். தூதர் வருவதற்கு முன்பே அரிசி வந்து இறங்கிவிட்டது.

இந்தக் கதையில் நம்மவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ரப்பர் தோட்டங்களில் விடியும் முன் எழுந்து பால் வெட்டியவர்களில் கணிசமானோர் தமிழகத்திலிருந்து சென்ற கூலித் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களுடைய வாக்குரிமையைப் பறித்திருந்தன. வாக்கில்லாத கைகள் வெட்டிய பாலுக்குத்தான் நாட்டுக்கே சோறு கிடைத்தது. இரு நாட்டு நட்பைக் காட்ட ஓர் உருவம் வேண்டுமென்றால், பால் வெட்டும் கத்தியும் நெற்கதிரும் போதும். எந்தக் கட்சியின் ஆண்டுவிழாவும் தேவைப்பட்டிருக்காது.

இலங்கைக்கு இது தெரியாததும் அல்ல. கொழும்பில் உள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் சீனா கட்டித் தந்த பரிசு, 1973-இல் திறக்கப்பட்டது. 1976-இல் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு அங்கே நடந்தபோது, 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்களில் அந்த மண்டபத்தைப் பொறித்தார்கள். காசில் சீனாவின் பெயர் கிடையாது. அதனால் மரியாதை குறைந்துவிடவில்லை; இன்று எடுத்துப் பார்த்தாலும் அந்தக் காசைப் பற்றி யாரும் கூச வேண்டியதில்லை. ஜப்பானுடனான உறவின் 60-ஆம் ஆண்டுக்கு 2012-இல் வந்த 1,000 ரூபாய் வெள்ளி நாணயமும் அப்படித்தான். இரு நாடுகளின் உறவைக் கொண்டாடியது. டோக்கியோவில் அன்று ஆண்ட கட்சியைக் கொண்டாடவில்லை.

அயலார் பெயரில் காசு அடிப்பது நம் மண்ணுக்கும் புதிதல்ல. விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் புதுச்சேரியில், 1736-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆற்காடு ரூபாயை அச்சடிக்கும் உரிமையைப் பெற்றார்கள். ஆளுநர் தூமா, ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலி கானிடம் பேசி வாங்கிய உரிமை அது. அச்சடித்தது பிரெஞ்சுக் கம்பெனி, காசில் இருந்ததோ பாரசீக எழுத்தில் முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயர். பிரெஞ்சு மன்னர் லூயியின் பெயரைப் போட்டிருந்தால் சந்தையில் யார் வாங்கியிருப்பார்கள்? டெல்லி பாதுஷா மீது பக்தியோ நட்போ அங்கே காரணமல்ல. வியாபாரம் நடக்க வேண்டும். காசடிப்பில் லாபமும் வர வேண்டும். அதில் ஒளிவுமறைவு இல்லாத ஒரு நேர்மை இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

இன்னும் பின்னால் போனால், புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுப் புதையல். மொத்தம் 501 காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. பொன்னின் தரத்தைச் சோதிக்க வெட்டினார்களா, காசாக மீண்டும் புழங்காமல் இருக்க வெட்டினார்களா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எதுவாயினும், பொன் வேண்டியிருந்தது, முகம் வேண்டியிருக்கவில்லை.

சுதந்திர இந்தியா இந்த விஷயத்தில் பெரும்பாலும் நிதானமாகவே நடந்திருக்கிறது. 1950-இல் ஆறாம் ஜார்ஜின் தலைக்குப் பதில் அசோகரின் சிங்கத்தூண் வந்தது. முதல் நினைவு நாணயம் 1964-இல் நேருவுக்கு, அதுவும் அவர் மறைந்த பிறகு. பிற நாட்டுத் தலைவர்களைக் கௌரவிக்க நாம் பெரும்பாலும் அஞ்சல் தலையைத்தான் பயன்படுத்தினோம்: 1965-இல் ஆபிரகாம் லிங்கன், 1969-இல் மார்ட்டின் லூதர் கிங், 1970-இல் லெனின், 1990-இல் ஹோ சி மின். அமெரிக்காவுக்கும் இடம் உண்டு, அதை எதிர்த்து நின்ற வியட்நாமுக்கும் இடம் உண்டு. நாணயம் என்று வந்தபோது, 2009-இல் பிரெஞ்சுக்காரரான லூயி பிரெயிலுக்கு வெளியிட்டோம். அவர் எந்த நாட்டையும் ஆண்டவரல்லர். கண் தெரியாதவர்கள் விரலால் படிக்க எழுத்து கண்டவர். 2015-இல் டெல்லியில் நடந்த இந்திய–ஆப்பிரிக்க உச்சி மாநாட்டுக்கு வந்த நாணயமும் ஒரு கண்டத்தோடு கொண்ட உறவைத்தான் சொன்னது.

அஞ்சல் தலைக்கும் காசுக்கும் வித்தியாசம் பெரியது. அஞ்சல் தலை கடிதத்தில் ஒட்டப்பட்டு, முத்திரை குத்தப்பட்டதோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். காசு அப்படியல்ல; இதற்கு இன்ன மதிப்பு என்று அரசு தரும் உறுதிமொழி அது. அதில் இருக்கும் உருவத்துக்கும் அந்த உறுதிமொழி ஒட்டிக்கொள்கிறது.

உருவம் எவ்வளவு சீக்கிரம் சிக்கலாகும் என்பதற்கு வங்கதேசம் கண்ணெதிரே இருக்கிறது. ஷேக் முஜிபுர் ரகுமானின் நூற்றாண்டையொட்டி 2020 டிசம்பரில் இந்தியா அஞ்சல் தலை வெளியிட்டது. 2021 மார்ச்சில் டாக்கா சென்ற பிரதமர் மோடிக்கு, முஜிப் நூற்றாண்டின் தங்க, வெள்ளி நாணயங்களை அவருடைய மகளும் அன்றைய வங்கதேசப் பிரதமருமான ஷேக் ஹசீனா பரிசளித்தார். 2024 ஆகஸ்டில் ஹசீனா ஆட்சி கவிழ்ந்தது. 2025 ஜூனில் வந்த புதிய வங்கதேசப் பணத்தாள்களில் முஜிப் படம் இல்லை. கோயில்களும் பழங்காலச் சின்னங்களும் இருக்கின்றன. முஜிப் சாதாரணத் தலைவரல்லர், ஒரு நாட்டின் விடுதலைக்குத் தலைமை தாங்கியவர். அவருக்கே சொந்த நாட்டில் இந்த நிலை என்றால், பதவியில் இருக்கும் அயல்நாட்டுத் தலைவரையோ ஆளும் கட்சியையோ காசில் ஏற்றும் நாடு எதை நம்பி ஏற்றுகிறது?

இன்னொரு கேள்வி, இந்தக் காசுகள் யாருடைய கைக்குப் போகின்றன என்பது. நம் அரசு வெளியிடும் 100 ரூபாய், 500 ரூபாய் வெள்ளி நினைவு நாணயங்கள் விழுப்புரம் பக்கத்துக் காணை டீக்கடைக் கல்லாவில் விழப் போவதில்லை. முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்குச் சேகரிப்பாளர்கள் வாங்கிப் பெட்டியில் வைப்பார்கள். இரு நாட்டுத் தலைவர்கள் சந்திக்கும்போது கைமாறும். மக்கள் கைக்கு வந்த நினைவுக் காசுகளின் கதையோ வேறு. தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தி திரும்பிய நூற்றாண்டுக்கும், சர்வதேச யோகா தினத்துக்கும் 10 ரூபாய் நாணயங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு படம் இருந்ததால், எது நல்ல காசு, எது கள்ளக் காசு என்று மக்கள் குழம்பிப்போனார்கள். நம் வட மாவட்டங்களில் பத்து ரூபாய்க் காசை நீட்டினால், “இது செல்லாதுங்க, நோட்டா கொடுங்க” என்பது பஸ்ஸிலும் பெட்டிக்கடையிலும் சாதாரணப் பேச்சானது. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட வேண்டியிருந்தது. யாருக்கு மரியாதை செய்கிறோம் என்பது காசைக் கையில் வாங்கும் மக்களுக்கே சொல்லப்படவில்லை. இதில் மக்களைக் குறை சொல்ல எதுவுமில்லை.

அயல்நாட்டவருக்கு நாணயம் வெளியிடுவதே தவறு என்பதல்ல என் வாதம். அமெரிக்கா 1900-ஆம் ஆண்டு முத்திரையோடு ஒரு வெள்ளி டாலர் வெளியிட்டது. அதில் வாஷிங்டனோடு பிரெஞ்சுக்காரரான லஃபாயத்தும் இருக்கிறார். அமெரிக்க விடுதலைப் போரில் படை நடத்தியவர், 1834-லேயே மறைந்துவிட்டவர். 50,000 காசுகள் அச்சாயின. ஒரு டாலர் காசை இரண்டு டாலருக்கு விற்று, வந்த பணத்தைப் பாரிஸில் அவருக்குச் சிலை வைக்கச் செலவிட்டார்கள். செய்த உதவி கண்ணுக்குத் தெரிகிறது, உதவியவர் மறைந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது, பணம் எங்கே போனது என்பதும் தெளிவு. இதில் குறை காண என்னால் முடியவில்லை.

2022 மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு ஒரு கப்பல் போனது. தமிழ்நாடு அரசு தருவதாக அறிவித்த 40,000 டன் அரிசியில் முதல் 9,000 டன்னும், பால் பவுடரும், மருந்துகளும் அதில் இருந்தன. அந்த அரிசி தமிழர், சிங்களர், முஸ்லிம்கள் என எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே ஏற்பாடு. எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது போலவே, கஷ்டகாலத்தில் இலங்கைக்கு ஒரு நாட்டின் நட்பு அரிசி மூட்டையாகப் போய் இறங்கியது. அதற்கு யாரும் காசு அடிக்கவில்லை. அடிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

இந்தியாவில் இன்று இருப்பது நல்ல வழக்கம் மட்டுமே. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் 1,000 ரூபாய் வரை எந்த மதிப்பிலும் காசு வெளியிடவும், அதன் வடிவத்தையும் உருவத்தையும் முடிவு செய்யவும் மத்திய அரசுக்கு முழு அதிகாரம் தருகிறது. யாருடைய உருவம் கூடாது என்று அதில் ஒரு வரி இல்லை. உலகத் தலைவர்களைக் கட்டித் தழுவி வரவேற்கும் இந்தக் காலத்தில், நாளை ஒரு விருந்தாளியை மகிழ்விக்க அவர் முகத்தோடு காசு வெளிவந்தால் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. உயிரோடிருக்கும் எந்த அயல்நாட்டுத் தலைவருக்கும், எந்த அயல்நாட்டுக் கட்சிக்கும் இந்திய நாணயத்தில் இடமில்லை என்று நிதி அமைச்சகம் எழுத்தில் விதி செய்ய வேண்டும். மறைந்தவர் என்றாலும், அரசிதழில் அறிவிக்கை வரும் முன் காரணத்தை நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும். வரும் கூட்டத்தொடரில் இதை ஒரு கேள்வியாகவாவது எழுப்பும்படி நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரைக் கேட்டுக்கொள்கிறேன்.