வெள்ளைப் புகை வந்தா கை தட்டாதீங்க!

2025 மே 8-ம் தேதி ரோம் நகரில் ஒரு சின்னப் புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. 'புதுப் போப்பாண்டவர் கிடைச்சாச்சு' என்று கூடியிருந்த ஜனம் கை தட்டி ஆரவாரம் செய்தது. அதே வெள்ளைப் புகை திருவரங்குளம் கடைத்தெருவில் ஒரு செகண்ட்-ஹேண்ட் காரின் சைலன்சரிலிருந்து வரட்டும்... டீக்கடை பெஞ்சிலிருந்து நாலு பேர் எழுந்து வந்து, "இன்ஜின் போச்சு தம்பி!" என்று துக்கம் விசாரிப்பார்கள். அதில் ஒருத்தர் கண்டிப்பாகப் பாதி விலைக்கு வண்டியை வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பார்!

கொஞ்சம் பொறுங்க சார். போனது இன்ஜினா, இல்லை வெறும் பனியா என்று முதலில் பார்த்துவிடலாம்.

மார்கழி மாதம், காலை ஆறு மணி. தைலமரக் காட்டுப் பக்கம் நம்ம வாயிலிருந்தே புகை வருகிற நேரம். அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்தால் வெள்ளையாகத்தான் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வருகிற தண்ணீர் இது. (பங்க்கில் கலப்பது தனிக் கணக்கு!) வெளியே குளிர் என்பதால் அந்த ஆவி வெள்ளையாகத் தெரிகிறது. சைலன்சர் சூடாகி, வெயிலும் ஏறியதும் மறைந்துவிடும். அதற்கு வைத்தியம் தேவையில்லை.

சித்திரை மாத மத்தியானம் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வரை ஓட்டிய பிறகும், கல்யாண வீட்டு இட்லிப் பானை மாதிரி விடாமல் வெள்ளைப் புகை வந்தால்தான் விவகாரம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது; கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம். விடாத வெள்ளை என்றால், பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் போய் ஆவியாகிறது என்று அர்த்தம். டீசல் வண்டியில் மட்டும் இன்னொரு சந்தேகமும் உண்டு. புகை கண்ணை எரித்து, டீசல் நெடி அடித்தால் அது சரியாக எரியாத டீசல். இன்ஜெக்டர், க்ளோ பிளக் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? இன்ஜினின் அடிப்பாகத்துக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கட் என்று ஒரு தகடு இருக்கிறது. சிலிண்டர் நெருப்பு, ஆயில், தண்ணீர் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுக்கிற வரப்பு அது. வண்டி ஒரு தடவை நன்றாக ஓவர்-ஹீட் ஆனால் ஹெட் வளையும்; வரப்பு உடையும்.

நான் பி.காம். என்பதால் எனக்குப் பிடித்த சோதனை வரவு-செலவுதான். ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் அளவை இன்றைக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அளவு குறைந்திருக்கிறது, வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை என்றால் கணக்கு இடிக்கிறது. அந்தச் செலவு சைலன்சர் வழியாக நடக்கிறது!

அடுத்து பிளக். மூன்று பிளக் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் பல் தேய்த்த மாதிரி பளிச்சென்று இருந்தால் தண்ணீர் போவது அந்தச் சிலிண்டரில்தான். டிப்-ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். ஆயில் சுத்தமாக இருப்பதால் மட்டும் கேஸ்கட்டும் நல்லது என்று ஆகிவிடாது. குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் கோலி சோடா மாதிரி விடாமல் குமிழி வருகிறதா என்றும் பார்க்கலாம். 'குளிர்ந்த' என்ற வார்த்தைக்கு இரண்டு தடவை அடிக்கோடு போடுங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் மூஞ்சியில் அடிக்கும், ஆயுசுக்கும் தழும்பு.

"போன மாசம்தான் புகைச் சான்றிதழ் வாங்கினேனே!" என்பார் விற்கிற அண்ணாச்சி. அந்தச் சோதனை பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோ கார்பனையும் அளக்கிறது. நீராவியை அது கண்டுகொள்ளாது. நீங்கள் போய்ச் சேருமுன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், "நாளைக்குக் காலைல வர்றேண்ணே, நான் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு டீயோடு திரும்பிவிடலாம்.

கேஸ்கட்தான் என்று தெரிந்த பிறகு சிலர், "இன்ஜினை முழுசா இறக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். மாதத் தவணை கட்டுகிறவன் வயிற்றில் புளியைக் கரைக்கும் வார்த்தை அது! பல சமயம் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். முதலில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்டைக் கழற்றியதும் லேத் பட்டறையில் வளைவு, வெடிப்பு பார்த்து, தேவையென்றால் சீவிச் சமமாக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் புதுக் கேஸ்கட் மட்டும் போட்டால் சில மாதத்தில் திரும்பவும் இட்லிப் பானைதான். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கம்பெனி சொன்ன வரிசையில், டார்க் ரென்ச் வைத்து முடுக்கணும். கைப்பழக்கத்தில் முடுக்குகிற கலைஞரிடம் கும்பிடு போட்டு நகருங்கள். ரேடியேட்டரில் ஊற்றுகிற 'அடைப்பு மருந்து' ஓட்டையோடு சேர்த்து ரேடியேட்டரையும் அடைக்கும்.

ஓவர்-ஹீட் எதனால் ஆச்சு என்றும் கேட்டுவிடுங்கள். ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றையும் பார்க்கணும். நம்ம பக்கம் இன்னொரு குற்றவாளியும் உண்டு: போர் தண்ணி. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாசாரம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். காய்ச்சி வடித்த தண்ணீரில், கம்பெனி சொன்ன அளவு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

பழைய கூலன்ட்டைத் தெருவில் கொட்டிவிடாதீர்கள். அது தித்திப்பாக இருக்கும், ஆனால் விஷம். தெரு நாயும் ஆடும் நக்கிவிட்டால் பிழைப்பது கஷ்டம். ஒரு பழைய கேனில் பிடித்து, மூடி, ஒர்க்-ஷாப்பிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.