மழைக்கால விருந்தினருக்கு என்ன பதில்?

“அடுத்த வாரம் முழுவதும் மழை என்று காட்டுகிறதே, வரலாமா?” மே மாதம் பிறந்துவிட்டால், தென்கரையில் நான்கைந்து அறைகளுடன் விடுதி நடத்தும் எமது சகோதரர்களைத் தேடி வரும் கேள்வி இது. “அதெல்லாம் ஒன்றுமில்லை, நல்ல வெயில்” என்பதே பலரது பதில். முற்பணம் கைநழுவிவிடுமே என்ற பயம். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. என்றாலும், அந்தப் பதிலால் வியாபாரத்துக்கு நஷ்டம் என்பதே எனது கருத்து.

கைத்தொலைபேசியில் விருந்தினர் பார்ப்பது முழு நாளுக்கும் ஒரே மழைப் படம். பகல் முழுக்க வெயிலடித்து மாலையில் ஒரு மணித்தியாலம் கொட்டினாலும் அதே படம்தான். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபரிலும் எமது நாட்டில் அநேக நாட்கள் அப்படித்தான்: காலையில் வெயில், பிற்பகலில் இடியுடன் மழை. சுற்றிப் பார்ப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றின் கதை வேறு. அப்போது மழையை விடக் கடல்தான் பிரச்சினை. வெயில் அடிக்கும் நாளிலும் ஹிக்கடுவ, பெந்தோட்டைப் பகுதிகளில் கடல் கொந்தளிக்கும். குளிக்க இறங்குவது ஆபத்து. விருந்தினர் மழையைப் பற்றித்தான் கேட்பார், கடலைப் பற்றிக் கேட்க அவருக்குத் தெரியாது. நீந்துவதற்காகவே பறந்து வருபவரிடம் அதைச் சொல்லாமல் அறையைக் கொடுப்பது, குறையை மறைத்துச் சரக்கை விற்பதற்குச் சமம்.

அப்படியானால் வரும் வாடிக்கையாளரை விட்டுவிடுவதா? தேவையில்லை. மலைநாடு காற்றை மறிப்பதால், தெற்கும் மேற்கும் நனையும் அதே மாதங்களில் கிழக்கு காய்ந்து கிடக்கிறது. அறுகம்குடாவில் அலைச்சறுக்கல் பருவமே அப்போதுதான். நிலாவெளி, பாசிக்குடாக் கடல் குளம் போலக் கிடக்கும். மின்னேரியாக் குளம் வற்ற வற்ற யானைகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும். டிசம்பரில் எல்லாம் தலைகீழ். பொத்துவிலில் மழை, வெலிகமவில் வெயில். காலியிலிருந்து அறுகம்குடாவுக்கு ஐந்தாறு மணித்தியாலப் பயணம்தானே!

எனக்குத் தெரிந்த வெலிகம விடுதிக்காரர் ஒருவர் பொத்துவில் விடுதிக்காரர் ஒருவருடன் வாய்ப்பேச்சில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். ஜூனில் 7 நாட்களுக்கு வருபவரிடம் உள்ளதைச் சொல்லி, 2 நாட்களைத் தன்னிடமும் 5 நாட்களை அங்கும் கழிக்கச் சொல்வார். முற்பணத்தில் 5 நாள் பங்கு பொத்துவிலுக்குப் போய்விடும். ஜனவரியில் அங்கிருந்து இங்கே ஆள் வரும். கமிஷன் கிடையாது, கணக்குக் கொப்பி மட்டும் உண்டு. மழைக்கு ஒளிக்காமல் சொன்னார் என்பதற்காகவே திரும்பி வருபவர்களும் இருக்கிறார்களாம்.

இடம் மாற விரும்பாதவர்களும் உண்டு. காலிக் கோட்டை, தேயிலைத் தொழிற்சாலை, பேருவளை மாணிக்கச் சந்தை என்று அவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆனால் விடுதியில் இரண்டு பெரிய குடை, ஈரத்துணி காயப்போடக் கூரையுள்ள ஓர் இடம், மின்சாரம் போனால் ஒரு விளக்கு, கேட்காமலே வரும் இஞ்சித் தேநீர் இருக்கட்டும். பெரிய ஹோட்டல்காரர்களுக்கே ஈரத்துணியின் கஷ்டம் தெரிவதில்லை.

ஒன்றில் மட்டும் பேரம் கூடாது. 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மலைநாட்டுப் பாதைகள் மண்ணில் புதைந்தன. வளிமண்டலவியல் திணைக்களமோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமோ சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் எந்த வேனும் போகக் கூடாது. சாரதிக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படியான நாளில் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்பதை இப்போதே பற்றுச்சீட்டில் ஒரு வரியாக அச்சிட்டு வையுங்கள். மழை கொட்டும்போது நின்று வாதாட நேரம் இருக்காது.