உள்ளே இருப்பவருக்குச் சட்டம், வாசலில் நிற்பவருக்கு?



உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருக்கக்கூடும். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர். பிறையிலோ ஷா ஆலாமிலோ ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக நுழைந்து, டெக்னிஷியனாகி, சூப்பர்வைசராக உயர்ந்தவர். இருபது ஆண்டு அனுபவம். ஒரு நாள் ஆட்குறைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போடுகிறார். பதிலே இல்லை. கடைசியில் பாதுகாவலர் சீருடை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். சொந்தபந்தங்களோ, "அவனுக்குச் சாமர்த்தியம் போதாது" என்கின்றன.

இது அநியாயமான பேச்சு. குறை அவரிடம் இல்லை.

வேலை விளம்பரங்களைப் பாருங்கள். "வயது 35க்குள்". "மாண்டரின் பேசத் தெரிந்திருக்க வேண்டும்". சீன வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலைக்கு மாண்டரின் கேட்டால் நியாயம். இயந்திரம் பழுது பார்ப்பவருக்கு எதற்கு? இயந்திரம் மாண்டரினா பேசுகிறது?

தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. அதாவது 45 வயதுக்காரருக்கு இன்னும் 15 ஆண்டு உழைப்பு பாக்கி. ஆனால் அவர் வேறு நிறுவனத்தின் வாசலில் போய் நின்றால், வயதைக் காட்டியே திருப்பி அனுப்பலாம். கேட்பார் இல்லை!

பெயரும் ஒரு தடைதான். ஆய்வாளர்கள் லீ ஹுவோக் ஆன், முகமட் அப்துல் காலிட் இருவரும் தனியார் நிறுவனங்களுக்குப் பட்டதாரிகளின் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். மலாய்ப் பெயர்களைவிட சீனப் பெயர்களுக்கே நேர்காணல் அழைப்புகள் மிக அதிகம் வந்தன. மலாய்ப் பட்டதாரிக்கே இந்த நிலை என்றால், நம் பிள்ளைகளின் பெயரை மட்டும் விட்டுவைப்பார்களா? ஆகவே இது எந்த இனத்துக்கும் எதிரான கூக்குரல் அல்ல. எல்லாத் தொழிலாளர்களுக்குமான கோரிக்கை.

சட்டம் என்ன செய்கிறது? கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதி இன, மத பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமே தவிர தனியார் முதலாளியை அல்ல. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 69எஃப் பிரிவு வந்தது. பாகுபாடு குறித்த தகராறை தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். அவரது உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். நல்லதுதான். ஆனால் அது "தொழிலாளிக்கும் அவருடைய முதலாளிக்கும்" இடையிலான தகராறுக்கு என்றே எழுதப்பட்டது. வேலை தேடி நிற்பவருக்கு ஏது முதலாளி? அவர் எங்கே போய் முறையிடுவார்?

பக்கத்து நாடான சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், ஆள் சேர்க்கும்போதே இனம், வயது, மொழித்திறன் பார்த்து ஒதுக்குவதையும் சேர்த்துத் தடை செய்கிறது. சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு, குறைகளும் உண்டு. ஆனாலும் வாசலில் நிற்பவரையும் அந்தச் சட்டம் மனிதராக மதிக்கிறது. நம் நாட்டில் ஏன் முடியாது?

அதுவரை உங்கள் கையில் இருப்பதை விட்டுவிடாதீர்கள்.

ஆட்குறைப்பின்போது "ராஜினாமா கடிதம் கொடுத்துவிடு, அடுத்த வேலைக்கு நல்லது" என்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள்! சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்குள் இருந்து, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. இருபது ஆண்டுக்கு 400 நாள் சம்பளம்! தானாக விலகியவருக்கு இது கிடையாது. சொக்சோவின் வேலை காப்புறுதி உதவியும் கிடையாது. அந்த உதவிக்கு 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காரணமின்றி நீக்கினால் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்யவும் அதே 60 நாட்கள்தான். அந்தப் புகாருக்கு வழக்கறிஞர் தேவையில்லை.

பாகுபாடான விளம்பரங்களை வெட்டி வையுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது அவற்றைக் காட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: 69எஃப் பிரிவில் "வேலைக்கு விண்ணப்பிப்பவர்" என்ற சொல்லைச் சேர்க்க நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா, மாட்டீர்களா?

பதில் சொல்லாதவருக்கு ஓட்டு எதற்கு?